மேட்டில் சக்தி இழக்கும் மின்சார சைக்கிள்: மோட்டாரை மாற்றலாமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மின்சார சைக்கிள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். பின்சக்கரத்தில் 250 வாட் கியர் ஹப் மோட்டார் இருக்கிறது. பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மேல் 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சமதரையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் உள்ள நீண்ட மேட்டில் பாதி ஏறியதும், திரையில் பேட்டரி அளவைக் காட்டும் நான்கு கட்டங்கள் திடீரென ஒரே கட்டமாகிவிடுகின்றன, மோட்டார் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் கட்டங்கள் மூன்றாகத் திரும்பி, மோட்டார் மறுபடி ஓடுகிறது. சில நாட்களில் திரையே அணைந்துவிடுகிறது. பேட்டரியின் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகுதான் உயிர் வருகிறது. முழு சார்ஜுடன் கிளம்பிய ஒரு விடுமுறை நாளில் அதே மேட்டை நிற்காமல் ஏறிவிட்டது. ஒரு சார்ஜில் செல்லும் தூரமும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பழுதுபார்ப்பவர் சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, மோட்டார் வலுவிழந்துவிட்டது, 500 வாட் மோட்டாராக மாற்றிவிடுங்கள் என்கிறார். மாற்றலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

மோட்டாரை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எந்தப் பாகத்தையுமே வாங்க வேண்டாம். பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களே பெருமளவு சொல்லிவிடுகின்றன. மீதியைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத சில சோதனைகளும், மேடு ஏறும் நேரத்தில் எடுக்கப்பட்ட ஒரே ஓர் அளவீடும் போதும்.

மேடு ஏறுவதற்கு எவ்வளவு சக்தி தேவை என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு, டயரின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்து, ஏறக்குறைய 100 வாட் போதும். அதில் ஒரு பங்கை உங்கள் கால்கள் தந்துவிடுவதால், பேட்டரியிலிருந்து 2 அல்லது 3 ஆம்பியர் மின்னோட்டமே எடுக்கப்படுகிறது. 100 மீட்டர் தூரத்துக்கு 6 மீட்டர் உயரும் ஒரு மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 245 வாட் வேண்டும். உராய்வும் காற்றும் சேர்ந்தால் அது 300 வாட் ஆகிவிடும். மோட்டாரும் கன்ட்ரோலரும் வாங்கும் சக்தியில் 70 சதவீதம் அளவுக்கே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று கொண்டால், நீங்கள் மிதிக்காமல் ஏறும்போது பேட்டரி 430 வாட் தர வேண்டும். 36 வோல்ட் பேட்டரியில் அது 12 ஆம்பியர். மேடு இன்னும் கொஞ்சம் செங்குத்தாக இருந்தால், கன்ட்ரோலர் அனுமதிக்கும் 15 ஆம்பியரும் முழுதாக எடுக்கப்படும். சமதரையில் தேவைப்படுவதைப் போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டம், சில நிமிடங்கள் இடைவிடாமல் ஓடுகிறது.

பழுதுபார்ப்பவர் செய்த சோதனையில் எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுழற்றினால் மோட்டார் எடுப்பது ஓர் ஆம்பியருக்கு அருகிலான மின்னோட்டமே. அந்த அளவுக்குச் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் ஈடுகொடுக்கும்; பாதி உருகிய கனெக்டரும் ஈடுகொடுக்கும். தூக்கிய சக்கரம் நன்றாகச் சுழல்வதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கும் வர முடியாது, மோட்டார் வலுவிழந்தது என்ற முடிவுக்கும் வர முடியாது. இந்தத் தொழிலில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதற்கான செலவு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது என்பதால், எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் மரியாதை இல்லை.

இனி, அதிக மின்னோட்டம் ஓடும்போது பேட்டரியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல் தொகுதிகளைத் தொடராக இணைத்தது. முழு சார்ஜில் ஒவ்வொரு தொகுதியும் 4.2 வோல்ட், மொத்தம் 42 வோல்ட். பாதி சார்ஜில் மொத்தம் 36 அல்லது 37 வோல்ட் இருக்கும். 30 அல்லது 31 வோல்ட்டுக்கு இறங்கும்போது, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கருதிக் கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். செல்கள் தாங்க முடியாத அளவுக்கு வடிந்துபோகாமல் காப்பதற்கான ஏற்பாடு அது.

ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்மின்தடை என்று ஒன்று உண்டு. ஓடும் மின்னோட்டத்தை அந்த மின்தடையால் பெருக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைந்துவிடும். உங்களுடையதைப் போன்ற ஒரு பேட்டரி புதிதாக இருக்கும்போது, அதன் மின்தடை வயர்களோடும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றோடும் சேர்ந்து 0.15 ஓம் அளவில் இருக்கும். 15 ஆம்பியர் ஓடினால் இழப்பு 2.25 வோல்ட்தான். பாதி சார்ஜில் 36.5 வோல்ட்டிலிருந்து 34.25 வோல்ட்டுக்கு இறங்கும், ஒன்றும் ஆகாது. செல்கள் மூப்படைந்து மின்தடை 0.4 ஓம் ஆகிவிட்டால், அதே 15 ஆம்பியருக்கு இழப்பு 6 வோல்ட் ஆகிவிடுகிறது. அப்போது 36.5 வோல்ட் 30.5 வோல்ட்டாக இறங்குகிறது. கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. நின்றதும் மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. மின்னழுத்தம் 36 வோல்ட்டுக்கு அருகில் திரும்புகிறது. அதே பேட்டரி முழு சார்ஜில் 41 வோல்ட்டிலிருந்து 35 வோல்ட்டுக்கு இறங்கும்போது எல்லைக்கு மேலேயே நிற்பதால், விடுமுறை நாளில் மேடு ஏறியது.

நீங்கள் எழுதிய அறிகுறிகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் திரையில் தெரியும் கட்டங்கள் மீதமுள்ள மின்சாரத்தை அளந்து காட்டுவதில்லை. அந்த நேரத்து மின்னழுத்தத்தையே கட்டங்களாக மாற்றிக் காட்டுகின்றன. நான்கு கட்டங்கள் ஒன்றாகி, நின்றபின் மூன்றாகத் திரும்புகின்றன என்றால், மேட்டில் கன்ட்ரோலருக்கு வந்துசேரும் மின்னழுத்தம் சரிகிறது என்று உங்கள் சைக்கிளே சொல்கிறது. மோட்டாரில் பழுது இருந்து, அதனால் சக்தி குறைந்திருந்தால், இந்தச் சரிவு இவ்வளவு கடுமையாக இருக்காது.

இரண்டாவது தடயம், இரண்டு மூன்று நிமிட ஓய்வு. மேட்டில் சக்தி குறைவதற்கு மோட்டார் சூடேறுவதும் ஒரு பொதுவான காரணம்தான். ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் திறன் வெகுவாகக் குறைந்து, வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. வெப்ப உணரி உள்ள சைக்கிள்களில் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அப்படிக் குறையும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், திடீரென்று நிற்காது. மோட்டாரின் கூடு கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும். அந்த எடையுள்ள இரும்பும் செம்பும் ஆறுவதற்கு இரண்டு நிமிடம் எந்த வகையிலும் போதாது. அரைமணி நேரம்கூட ஆகலாம். உங்கள் மோட்டார் சட்டென்று நிற்கிறது, சட்டென்று திரும்புகிறது. இது வெப்பத்தின் நடத்தை அல்ல, மின்னழுத்தத்தின் நடத்தை.

மூன்றாவதாக, திரை முழுதாக அணைந்துபோகும் நாட்கள். நான் மிகுந்த கவனத்துடன் படித்தது இந்த வரியைத்தான். கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தினால் திரை எரிந்துகொண்டே இருக்கும். திரையும் சேர்ந்து அணைகிறது என்றால் மின்சாரம் கன்ட்ரோலருக்கே வரவில்லை. அது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் செய்த வேலையாகவோ, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் ஒரு தொடர்பு விட்டுப்போனதாகவோ இருக்கும். கன்ட்ரோலர் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. பிஎம்எஸ் பத்துத் தொகுதிகளையும் தனித்தனியே பார்க்கிறது. ஒன்பது தொகுதிகள் 3.5 வோல்ட்டில் இருக்க, பலவீனமான ஒரு தொகுதி மட்டும் 2.7 வோல்ட்டுக்குச் சரிந்தால், மொத்தம் 34 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கன்ட்ரோலருக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. பிஎம்எஸ் மட்டும் அந்த ஒரு தொகுதியைக் காப்பாற்றுவதற்காகப் பேட்டரி முழுவதையும் துண்டித்துவிடும். பல பிஎம்எஸ்கள் அப்படித் துண்டித்தபின், சுவிட்சை அணைத்துப் போடும் வரை அல்லது சார்ஜரைச் செருகும் வரை திரும்பாது. நீங்கள் சொல்வதும் அதுவே. மாறாக, பேட்டரியை அசைத்தாலோ சைக்கிளைக் குலுக்கினாலோ திரை தானாக உயிர்பெறுகிறது என்றால், சந்தேகம் தொடர்புகளின் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆக, பழுது பேட்டரிக்குள் இருக்கிறது அல்லது பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் வழியில் இருக்கிறது. இரண்டில் எது என்பதை இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

கருவி எதுவும் தேவைப்படாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். வழக்கம்போல் பேட்டரி பாதியளவில் இருக்கும் ஒரு நாளில், மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உதவி நிலையை ஐந்தில் இரண்டாகக் குறைத்து, சைக்கிளின் பற்சக்கர கியரையும் லேசானதாக வைத்துக்கொண்டு, நன்றாக மிதித்தபடி அதே மேட்டை ஏறுங்கள். மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடி முடுக்கியான த்ராட்டிலைத் தொட வேண்டாம். மெதுவாகவாவது நிற்காமல் ஏறிவிட்டால், அதிக மின்னோட்டம்தான் பழுதை வெளிக்கொண்டுவருகிறது என்பது உறுதியாகும். ஆனால் இந்தச் சோதனை பேட்டரியையும் கனெக்டரையும் பிரித்துக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். மின்னோட்டம் குறைந்தால் இரண்டிலும் இழப்பு குறையும்.

பிரித்துக் காட்டுவது வெப்பம். மேட்டில் மோட்டார் நின்ற உடனே ஓரமாக நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, பேட்டரி வந்து அமரும் இருக்கையின் முனைகள், பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரின் இணைப்புகள், ஃபியூஸ் கூடு, கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களின் இணைப்புகள் ஆகியவற்றின் மேலுறையை வெளியிலிருந்து கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள வயரைவிட ஓர் இணைப்பு மட்டும் சூடாக இருந்தால், குற்றவாளி அங்கேதான். ஓர் இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருந்தால்கூட, 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1.5 வோல்ட் தொலைகிறது. அந்த ஒரே புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. மின்னணுப் பலகைகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அதே 25 வாட்டில்தான் வேலை செய்கிறது. அந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறும், உருகும். உலோகத்தின் வில்தன்மை போய்ப் பிடி தளரும். பிடி தளர்ந்தால் மின்தடை இன்னும் கூடும்.

கழற்றி மாட்டும் பேட்டரிகளில் அடிப்பக்கத் தகடுகளே முதலில் கெடுகின்றன. சைக்கிள் சுவிட்சைப் போட்டபடியே பேட்டரியைச் செருகினால், கன்ட்ரோலரில் மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்பும்போது அந்தத் தகடுகளில் தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு குழியை விட்டுச் செல்லும். பேட்டரியை எடுத்துவிட்டு, இருக்கையிலுள்ள தகடுகளை வெளிச்சத்தில் பாருங்கள். கருமையும் குழிகளும் இருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் மேடு ஏறிப் பாருங்கள். மேலே பூசிய முலாம் போய்விடும் என்பதால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பேட்டரியின் பக்கத்திலுள்ள முனைகள் எப்போதும் மின்சாரம் உள்ளவை. உலோகக் கருவி எதையும் அவற்றுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். குழி ஆழமாக இருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ துடைப்பது தற்காலிகம்தான். அந்தத் தகட்டுத் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தபின் சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்துபாருங்கள். 41.5 முதல் 42 வோல்ட் வரை இருக்க வேண்டும். 41-க்குக் கீழே இருந்தால் சார்ஜரின் வெளியீட்டையும் அளந்துவிடுங்கள். அது 42 வோல்ட் தராவிட்டால் சார்ஜரே காரணமாக இருக்கலாம். சார்ஜர் சரியாக இருந்தும் பேட்டரி நிரம்பவில்லை என்றால், தொகுதிகளுக்கிடையே சமநிலை குலைந்திருக்கிறது என்று பொருள். ஏதோ ஒரு தொகுதி முந்திக்கொண்டு 4.2 வோல்ட்டைத் தொட்டு, மற்றவை நிரம்புவதற்குள் சார்ஜை நிறுத்தச் செய்கிறது. பல பிஎம்எஸ்கள் சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான் தொகுதிகளைச் சமப்படுத்துகின்றன, அதையும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் மெதுவாகச் செய்கின்றன. ஆகவே நீங்கள் விழித்திருந்து கண்காணிக்கக்கூடிய ஒரு நாளில், பச்சை விளக்கு வந்த பிறகும் சில மணி நேரம் சார்ஜரில் விட்டுப்பார்ப்பது பயன் தரலாம். அதன்பின் மின்னழுத்தம் உயர்ந்து, மேட்டிலும் முன்னேற்றம் தெரிந்தால் நல்லது. மாற்றமே இல்லையென்றால், அந்தத் தொகுதி சமப்படுத்தும் நிலையைத் தாண்டிவிட்டது.

ஓய்வில் எடுக்கும் இந்த அளவு முழுக் கதையைச் சொல்லாது. பலவீனமான பேட்டரியும் ஓய்வில் 42 வோல்ட் காட்டும். தீர்ப்புச் சொல்லும் அளவு, மேட்டில் 12 அல்லது 15 ஆம்பியர் ஓடும் நேரத்து மின்னழுத்தம். பல சைக்கிள்களின் திரையில், பொத்தானை அழுத்தி வைத்தால் கட்டங்களுக்குப் பதிலாக வோல்ட்டை எண்ணில் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால், பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இணைக்கும் சிறிய வாட்மீட்டர்கள் கிடைக்கின்றன. அதிகபட்ச மின்னோட்டத்தையும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டும்போது மீட்டரைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்காது, உச்சியில் நின்று பார்த்துக்கொள்ளலாம். மோட்டார் வாங்குவதற்கு முன் நீங்கள் வாங்கவேண்டிய பொருள் இருக்கிறதென்றால், அது இதுவே.

கணக்கு எளிது. ஏறுவதற்கு முன் ஓய்வில் 37.0 வோல்ட், ஏறும்போது 14 ஆம்பியரில் 30.8 வோல்ட் என்று வருகிறது என்று கொள்வோம். வித்தியாசம் 6.2 வோல்ட், அதை 14-ஆல் வகுத்தால் 0.44 ஓம். மீட்டரைப் பேட்டரியின் அருகில் இணைத்து இந்த எண் வந்தால், பழுது பேட்டரிக்குள்தான். பேட்டரியின் அருகில் 34 வோல்ட் இருந்து, அதே நேரத்தில் கன்ட்ரோலர் வழியாக வரும் திரையின் எண் 31 வோல்ட் என்றால், நடுவில் 3 வோல்ட் தொலைகிறது. வயர்களையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இந்தச் சோதனையைக் கடுங்குளிர் நாளில் செய்ய வேண்டாம். லித்தியம் செல்களின் உள்மின்தடை குளிரில் வெகுவாகக் கூடிவிடும். நல்ல பேட்டரியும் அன்று கெட்டதுபோல் தெரியும்.

உங்கள் அறிகுறிகளோடு பொருந்தாவிட்டாலும், சில எளிய காரணங்களை ஒதுக்கிவிடுவது நல்லது. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் காந்த சுவிட்ச் இடம் பிசகியிருந்தால், குலுங்கும்போது மோட்டார் நிற்கும். ஆனால் அப்போது கட்டங்கள் இறங்காது. காற்றுக் குறைந்த டயரும் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கும் மேட்டில் தேவைப்படும் சக்தியைக் கூட்டிவிடும். மோட்டார் உள்ளே விர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டும் சக்கரம் தள்ளப்படவில்லை என்றால், ஹப்பின் உள்ளே உள்ள நைலான் பற்சக்கரங்களோ ஒருவழி கிளட்ச்சோ தேய்ந்திருக்கும். உதறி உதறி ஓடுகிறது என்றால், மோட்டார் சுழலும் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் உணரிகளின் வயரையோ மோட்டாரின் மூன்று வயர்களில் ஒன்றையோ பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

இப்போது அந்த 500 வாட் யோசனைக்கு வருகிறேன். மோட்டாரின் மேல் அச்சிட்ட வாட் எண், அது சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தியைத்தான் குறிக்கிறது. பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வது கன்ட்ரோலர். மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு 15 ஆம்பியர் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டால், மேட்டில் அதே 15 ஆம்பியர் ஓடும், அதே 6 வோல்ட் சரியும், அதே இடத்தில் நிற்பீர்கள். மோட்டாரின் எடை மட்டும் கூடியிருக்கும். கன்ட்ரோலரையும் 22 அல்லது 25 ஆம்பியராக மாற்றினால் நிலைமை மோசமாகும். 0.4 ஓம் பேட்டரியில் 25 ஆம்பியர் ஓட்டினால் சரிவு 10 வோல்ட். முழு சார்ஜில்கூட அந்த மேட்டை ஏற முடியாது. இருக்கும் கன்ட்ரோலரில் மின்னோட்டத்தை அளக்கும் கம்பியின் மேல் ஈயம் பூசி வரம்பை ஏமாற்றும் வேலையை யாராவது பரிந்துரைத்தால், அதையும் மறுத்துவிடுங்கள்.

அளவீடு பேட்டரியைக் காட்டுமானால், அதைப் பழுதுபார்க்க முயலாமல் மாற்றுவதே என் பரிந்துரை. மூன்று ஆண்டு அன்றாடப் பயன்பாடு, ஒரு சார்ஜில் செல்லும் தூரமும் குறைந்திருப்பது, உள்மின்தடை கூடியிருப்பது ஆகிய மூன்றும் சேரும்போது, கெட்டது ஒரு தொகுதி மட்டும்தானா என்ற ஆராய்ச்சிக்குப் பெரிய பயன் இல்லை. அதை மட்டும் மாற்றினாலும் அடுத்த பலவீனமான தொகுதி வரிசையில் நிற்கும். தூரம் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்திருந்தால் எல்லாச் செல்களும் ஒன்றாக மூத்திருக்கின்றன. ஏதோ ஒரு வாரத்தில் சட்டென்று விழுந்திருந்தால் ஒரு தொகுதி போயிருக்கிறது. அப்போது பேட்டரி உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டுப்பார்ப்பது பலன் தரலாம்.

புதிய பேட்டரியில் மின்னழுத்தம் 36 வோல்ட்டாகவே இருக்கட்டும். 48 வோல்ட் பேட்டரி போட்டால் மேடு சுலபமாகும் என்று சிலர் சொல்வார்கள். முழு சார்ஜில் அது 54.6 வோல்ட் வரும், 36 வோல்ட் கன்ட்ரோலர்களிலோ 50 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர்களே இருப்பதுண்டு. உயர்த்த வேண்டியது ஆம்பியர்-மணியை. 10 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 15 ஆம்பியர் என்பது கடின வேலை. 14 ஆம்பியர்-மணி என்றால் அதே மின்னோட்டம் அதிக செல்களுக்குப் பகிரப்படுவதால் ஒவ்வொரு செல்லும் குறைவாகச் சூடேறும், மின்னழுத்தமும் குறைவாகச் சரியும். பிஎம்எஸ் தொடர்ச்சியாக அனுமதிக்கும் மின்னோட்டம் கன்ட்ரோலரின் 15 ஆம்பியரைவிடத் தெளிவாக அதிகமாக, 20 ஆம்பியர் அளவிலாவது இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைப் புதியதோடு இணையாக நேரடியாக மாட்டக் கூடாது. மின்னழுத்தம் வேறுபட்ட இரண்டு பேட்டரிகளுக்கிடையே பாயும் மின்னோட்டத்தைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

பாதுகாப்பைப் பற்றி வளவளக்க விரும்பவில்லை, ஆனால் மூன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேட்டரியின் உறையைத் திறக்காதீர்கள். பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக வயர் இழுத்து, நிற்காமல் ஓட வைக்கிறேன் என்பவரிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். அந்தச் சுற்று மோட்டாரை நிறுத்துவது பழுது அல்ல, அதன் கடமை. பேட்டரி வீங்கியிருந்தாலோ, இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தாலோ, அதைச் சார்ஜ் செய்வதை நிறுத்தி, வீட்டுக்கு வெளியே எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, உரியவர்களிடம் ஒப்படையுங்கள்.

அளவீடு முடிந்து முடிவெடுக்கும்வரை சைக்கிளை ஓட்டலாம், நிதானமாக. மேடு வருவதற்கு முன்பே வேகம் சேர்த்து, லேசான கியருக்கு மாறி, மிதித்தபடி குறைந்த உதவி நிலையில் ஏறுங்கள். மேட்டின் நடுவில் நின்று, த்ராட்டிலை மட்டும் முறுக்கிக் கிளம்புவதைத் தவிருங்கள்; நிற்கும் மோட்டார் எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. முடிந்தால் வேலையிடத்தில் சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள். திரை அணைந்தபின் சுவிட்சை அணைத்துப் போட்டு மீண்டும் மீண்டும் அதே மேட்டில் ஓட்டுவது, பலவீனமான தொகுதியை மேலும் வடித்து அதன் ஆயுளை முடித்துவிடும். அப்படி அணைந்த நாளில் மீதி மேட்டைத் தள்ளிக்கொண்டு போவதே மேல்.

என் கணிப்புத் தவறாக இருக்கும் வாய்ப்பும் உண்டு, அதை அளவீடே காட்டிவிடும். மேட்டில் 14 ஆம்பியர் ஓடும்போதும் பேட்டரியிலும் கன்ட்ரோலரிலும் மின்னழுத்தம் 34 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்று, அப்போதும் மோட்டார் நிற்குமானால், கன்ட்ரோலரில் எல்லை மின்னழுத்தம் தவறாக அமைந்திருக்கலாம் அல்லது கன்ட்ரோலரே பழுதாகியிருக்கலாம். அமைப்புப் பக்கத்தில் பேட்டரி 48 வோல்ட் என்று மாறிப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால், ஓய்விலும் ஏற்றத்திலும் எடுத்த வோல்ட், ஆம்பியர் எண்களோடும் எந்த இணைப்பு சூடாக இருந்தது என்ற குறிப்போடும் மீண்டும் எழுதுங்கள்.